வீட்டுக்குப் பின்னால் ஒரு 'டெக்' போடப் போறீங்களா? முதலில் தரைக்கு அடியில் என்ன இருக்குன்னு பாருங்க!

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் ஒரு ரீல் வந்து விழுந்தது. அனுப்பியது பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன். ஏதோ ஒரு வெளிநாட்டு வீடு. பின்பக்கக் கதவைத் திறந்தால் பளபளவென்று மரத்தளம், நாலு நாற்காலி, மேலே மஞ்சள் விளக்குச் சரம். கூடவே ஒரு வரி: "நம்ம திண்டுக்கல் வீட்டுக் கொல்லைல இதே மாதிரி ஒண்ணு போட்ருவோமா?"

அப்பா ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டார். அம்மா வாய்ஸ் நோட் அனுப்பினார்: "போடலாம்ப்பா. வத்தலை எங்கிட்டு காயப்போடுறது? துணியை எங்கிட்டு துவைக்கிறது? அதையும் அந்தப் படத்துல காட்டச் சொல்லு."

குரூப்பில் எல்லோரும் சிரித்தோம். ஆனால், அம்மா கேட்டது சரியான கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. அது என் சித்தி வீட்டில் கிடைத்த பாடம்.

சித்தி வீட்டிலும் பின்பக்கம் இப்படி ஒரு தளம் போட்டார்கள். கீழே முழுக்க சிமென்ட், அதன் மேல் பலகை. பார்க்க அருமையாக இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து செப்டிக் டேங்க் நிறைந்தது. லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது. டேங்க் மூடி எங்கே? யாருக்கும் ஞாபகம் இல்லை. வேலை செய்தவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் பலகையைக் கழற்றி, சிமென்டை இரண்டு இடத்தில் உடைத்த பிறகுதான் மூடி கிடைத்தது. அந்தப் பலகைகள் திரும்ப ஒழுங்காக உட்காரவே இல்லை.

டெக் விஷயத்தில் மேலே தெரிவதைவிட கீழே இருப்பதுதான் முக்கியம். ரீல்ஸில் அது மட்டும் வராது. அதனால் கீழேயிருந்தே ஆரம்பிப்போம்.

டெக் என்றால் என்ன? அது நமக்குப் புதுசா?

கப்பலின் மேல்தளத்துக்குப் பெயர் டெக். அதே பெயரை வீட்டை ஒட்டி, கூரை இல்லாமல், கொஞ்சம் உயர்த்திப் போடும் மரத்தளத்துக்கும் வைத்துவிட்டார்கள். குளிர் நாடுகளில் வெயில் அடிக்கும் சில மாதங்களில் வெளியே உட்கார வேண்டும், ஈரப் புல்லில் கால் படக்கூடாது. அதற்காக வந்தது இது.

நம் ஊர் கதை வேறு. நமக்கு வெயில் தேவைப்படவில்லை, நிழல்தான் தேவைப்பட்டது. அதனால் முன்பக்கம் திண்ணை வைத்தோம், நடுவில் முற்றம் விட்டோம், பின்பக்கம் தாழ்வாரம் இறக்கினோம். திண்டுக்கல்லில் இருந்து காரைக்குடி பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் இந்த மூன்றையும் பார்க்கலாம். கொல்லைப்புறம் மட்டும் மண்ணாகவே இருந்தது. கிணறு, துவைக்கிற கல், முருங்கை, கறிவேப்பிலை, பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் வாழை என்று வீட்டின் பாதி வேலை அங்கேதான் நடந்தது.

இன்று நாகல் நகரிலோ ஆர்.எம். காலனியிலோ மூன்று, நாலு சென்ட் மனையில் வீடு கட்டுகிறோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. வீடும் கார் நிறுத்தும் இடமும் போக, பின்னால் மிஞ்சுவது சின்னத் துண்டு. அந்தத் துண்டில் என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் வேலை: ஒரு பேப்பர், ஒரு பேனா

ஆசாரியையோ வெல்டரையோ கூப்பிடுவதற்கு முன், கொல்லைப்புறத்தை ஒரு பேப்பரில் வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. பின்சுவரில் இருந்து எத்தனை அடி, காம்பவுண்டில் இருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, இந்த ஐந்தையும் குறியுங்கள்:

1. செப்டிக் டேங்க் மூடி, கழிவுநீர் சேம்பர்கள்
2. தரைக்கு அடியில் உள்ள தண்ணீர் சம்ப்பின் மூடி
3. போர்வெல் குழாய்
4. மழைநீர் சேகரிப்புக் குழி, மாடியில் இருந்து இறங்கும் பைப்
5. மின்சார எர்த் பிட்

செப்டிக் டேங்க்: இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை கழிவை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கு மூடி திறக்க வேண்டும், லாரியின் ஓஸ் வந்து சேர வேண்டும். மூடியை மறைத்துவிட்டு, அப்புறம் "யாராவது உள்ளே இறங்கிப் பாருங்க" என்று சொல்லும் நிலைமை வரவே கூடாது. செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் விஷவாயு நிமிடங்களில் உயிரைப் பறித்துவிடும். மூடியைத் தளத்துக்கு வெளியே விடுங்கள். முடியவே முடியாது என்றால், அந்த இடத்தில் மட்டும் தூக்கி எடுக்கும்படி தனிச் சட்டத்தில் பலகை பொருத்தச் சொல்லுங்கள்.

போர்வெல்: சப்மெர்சிபிள் மோட்டார் ஒருநாள் ரிப்பேர் ஆகும். அன்று பைப்பை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வெளியே இழுப்பார்கள். ஒரு பைப் பத்து அடி, சில வீடுகளில் இருபது அடி. போர்வெல்லுக்கு நேர் மேலே கூரையோ பந்தலோ போட்டுவிட்டால், அதைப் பிரித்துவிட்டுத்தான் மோட்டாரைத் தூக்க முடியும். அதனால் போர்வெல்லுக்கு மேலே வானம் தெரியட்டும்.

வரைந்த படத்தை போட்டோ எடுத்து, குடும்ப குரூப்பிலேயே போட்டு வையுங்கள். பத்து வருடம் கழித்தும் உதவும்.

மண்ணை மூடினால் என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் தண்ணீர். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

10 அடிக்கு 12 அடி தளம் என்றால் 120 சதுர அடி, அதாவது சுமார் 11 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மி.மீ. மழை கொட்டினால், அந்த இடத்தில் மட்டும் 550 லிட்டருக்கு மேல் விழும். பின்பக்கம் 400 சதுர அடி முழுவதையும் சிமென்ட் போட்டு மூடினால்? வருடத்துக்கு 800 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 30,000 லிட்டர். மண்ணாக இருந்தாலும் இது எல்லாமே நிலத்தடிக்குப் போய்விடாது, கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தைச் செடி குடிக்கும். ஆனால், சிமென்ட் போட்டால் ஒரு சொட்டுகூட இறங்காது. எல்லாமே தெருச் சாக்கடைக்குத்தான்.

இதைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆத்தூர் காமராஜர் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை வைத்து கோடையை எடைபோடும் ஊர் இது. மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தாலே தெரியும், நாம் உட்கார்ந்திருப்பது பாறை மேல். இங்கே நிலத்தடி நீர் மணல் படுகையில் இருப்பது போல ஒரே ஏரியாகக் கிடக்காது. மேலே இருக்கும் சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தங்கும். அதனால்தான் பக்கத்து வீட்டு போரில் தண்ணீர் வரும், நம் வீட்டு போரில் காற்று வரும். மேலே இருந்து இறங்கும் மழைதான் அந்த வெடிப்புகளை நிரப்ப வேண்டும்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது இதனால்தான். பல வீடுகளில் அந்தக் குழி இன்று குப்பை மூடிக் கிடக்கிறது. டெக் வேலை என்பது அதைத் தூர்வார நல்ல சாக்கு.

அப்போ என்ன பண்ணலாம்? தளத்துக்கு அடியில் சிமென்ட் போடாதீர்கள். மண்ணைச் சமன் செய்து, நன்றாகக் கெட்டித்து, அதன் மேல் நாலு அங்குலம் ஜல்லி பரப்பினால் போதும். பலகை இடுக்கு வழியாக விழும் மழை ஜல்லியில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். தண்ணீர் வீட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பாமல் இருக்க, பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வெளிப்பக்கமாக வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். கொத்தனார் ரசமட்டம் வைத்துக் காட்டும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

எவ்வளவு உயரம்? பாம்புக்கும் மூட்டுவலிக்கும் பதில் சொல்லுங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் தளம் தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கும், கீழே இருட்டு. நம் ஊரில் அந்த இருட்டுக்கு உடனே குடித்தனம் வந்துவிடும். முதலில் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். திண்டுக்கல் புறநகரில் வயலையும் தரிசையும் ஒட்டி வீடு கட்டியிருப்பவர்களுக்கு இது வெறும் பயம் இல்லை. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கண்ணாடி விரியனும் உலவும் ஊர்ப்பக்கம்தான் இது.

அதனால் உயரத்துக்கு இரண்டே வழி:

* தரையோடு தரையாக: நாலு, ஐந்து அங்குல உயரம். ஓரம் முழுக்க கல் அல்லது செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். தண்ணீர் வெளியேற விடும் துளைக்கு சன்னமான கம்பி வலை அடியுங்கள்.
* நன்றாக உயர்த்தி: ஒன்றரை அடிக்கு மேல், பக்கம் திறந்தபடி. குனிந்து பார்த்தால் அந்தப்பக்கம் தெரிய வேண்டும், விளக்குமாறு உள்ளே போய் வர வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் உயரம்தான் ஆபத்து. கூட்டவும் முடியாது, அடைக்கவும் தோன்றாது. அடியில் உடைந்த வாளி, தேங்காய்த் தொட்டி எதுவும் கிடக்கக்கூடாது. தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும்.

அடுத்து வீட்டுப் பெரியவர்கள். தளத்தின் மேல்மட்டம் வீட்டுத் தரையைவிட ஒரு படியாவது கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் அடிக்கும்போது தண்ணீர் உள்ளே வரும். ஆனால், அந்தப் படி ஆறு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். எல்லாப் படியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். படி பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பைப்பாவது வையுங்கள். அம்மாவும் அப்பாவும் அங்கே தினமும் போய் வருவார்கள். நாம் லீவுக்குத்தான் வருவோம்.

எதில் போடுவது?

தேக்கு: வெயில், மழை, கரையான் மூன்றையும் தாங்கும் மரம். ஆனால், அந்தத் தாங்கும் சக்தி வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்குத்தான். ஓரத்து வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது. விலை குறைவாகச் சொன்னால், கட்டையில் வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். பழைய வீடுகளைப் பிரித்த மரம் கிடைத்தால் நல்லது, பல வருடம் காய்ந்த கட்டை என்பதால் இனிமேல் முறுக்காது. உள்ளே ஆணி இருக்கிறதா, கரையான் அரித்த தடம் இருக்கிறதா என்று மட்டும் ஆசாரியை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூச வேண்டும். பூசாவிட்டால் சாம்பல் நிறமாகும், ஆனால் உடனே கெட்டுவிடாது.

மருந்து ஏற்றிய மரம்: விலை குறைந்த மரத்தில் ரசாயனம் ஏற்றி விற்கிறார்கள். என்ன ரசாயனம் என்று கேளுங்கள். ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தை, பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு விற்பதை 2003 இறுதியோடு அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள். எந்த மருந்தாக இருந்தாலும் சரி, மிச்சமான துண்டுகளை வெந்நீர் அடுப்பில் வைத்து எரிக்கவே கூடாது.

டபிள்யூ.பி.சி. பலகை: மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்தது. கரையான் தொல்லை இல்லை, பெயின்ட் வேலை இல்லை. மூன்று விஷயத்தில் கவனம் தேவை. ஒன்று, கதவு நிலைக்கும் கிச்சன் கப்போர்டுக்கும் விற்கும் பலகையும் இதே பெயரில்தான் வருகிறது, அது மிதிபடும் தளத்துக்கு ஆகாது. வெளிப்புற டெக்கிங் பலகை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டு, வெயிலில் இது நீளும். இடுக்கு விடாமல் நெருக்கி அடித்தால் சித்திரை மாதம் நடுவில் தூக்கிக்கொள்ளும். மூன்று, கறுப்பு, அடர் பிரவுன் நிறங்கள் மத்தியானம் காலைச் சுடும். கடையில் ஒரு துண்டு சாம்பிள் கேட்டு வாங்கி, ஒருநாள் வெயிலில் போட்டு, இரண்டு மணிக்கு வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். இதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது.

கல்: நம் ஊருக்குப் பழகிய பொருள். பாலிஷ் போடாத கருங்கல் பலகையை மணல், ஜல்லி மேல் பதித்து, நடுவில் அரை அங்குல இடுக்கு விட்டால் மழையும் இறங்கும், ஓரத்தில் புல்லும் முளைக்கும். கரையான் பயம் கிடையாது, ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தாலும் கவலை இல்லை. கடப்பா கல் கறுப்பு என்பதால் சூடேறும். பாலிஷ் போட்டால் மழையில் வழுக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் அழகுதான், ஆனால் வீட்டுக்குள் போடத்தான் அது சரி.

பலகையைத் தாங்கும் சட்டம்: மரமோ டபிள்யூ.பி.சி.யோ, அடியில் பெரும்பாலும் இரும்புக் குழாய்ச் சட்டம்தான் வரும். சாதாரண எம்.எஸ். குழாய் என்றால் ரெட் ஆக்சைடு பூசி, வெல்டிங் செய்த இடங்களில் மறுபடியும் பூச வேண்டும். துரு ஆரம்பிப்பது அங்கிருந்துதான். ஜி.ஐ. குழாய் விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். பலகையை மாற்றுவது ஒருநாள் வேலை, சட்டத்தை மாற்றுவது மொத்த வேலை. காசு குறைக்க வேண்டும் என்றால் தளத்தின் அளவைக் குறையுங்கள், சட்டத்தில் கை வைக்காதீர்கள்.

எவ்வளவு பலகை வேண்டும்? நீங்களே கணக்குப் போடலாம்

கொட்டேஷன் வாங்கும் முன் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அதே 10க்கு 12 அடி தளம்.

* பலகையின் அகலம் 140 மி.மீ., இடுக்கு 5 மி.மீ. என்றால், ஒரு வரிசைக்கு 145 மி.மீ. போகும்.
* மொத்தப் பரப்பை அதால் வகுத்தால் சுமார் 252 ஓட்ட அடி. வெட்டுச் சேதாரம் பத்து சதவீதம் சேர்த்தால் சுமார் 280 அடி பலகை.
* பலகை 12 அடி நீளவாக்கில் ஓடினால், அடியில் குறுக்குச் சட்டங்கள் 10 அடி நீளம். ஒரு அடிக்கு ஒன்று என்றால் 13 சட்டம், மொத்தம் 130 அடி. ஒன்றே கால் அடி, ஒன்றரை அடி என்று இடைவெளியைக் கூட்டினால் கொட்டேஷன் குறையும். ஆனால், பலகை காலடியில் அமுங்கும். பலகை கம்பெனி சொல்லும் இடைவெளியைத் தாண்ட விடாதீர்கள்.

இரண்டு பேரிடம் விலை கேட்டால், சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். சட்டக் குழாயின் தடிமன், இடைவெளி, ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீலா இல்லையா, இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லிவிட்டு ஒப்பிடுங்கள். விலை வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

எத்தனை பேர் நிற்கலாம்?

2003 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் சிகாகோவில், ஒரு அடுக்குமாடி வீட்டின் பின்பக்க மரத்தளம் பார்ட்டி நடந்துகொண்டிருந்தபோது சரிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். தினமும் நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒருநாள் கூட்டம் கூடும். தளத்துக்குப் பரீட்சை அன்றுதான்.

நம் வீட்டிலும் அந்த நாள் உண்டு. காதுகுத்து, வளைகாப்பு, பிரியாணி அண்டா. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, வீட்டு பால்கனிக்கு சதுர மீட்டருக்கு சுமார் 300 கிலோ பாரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அதே அளவை நம் 11 சதுர மீட்டர் தளத்துக்கு வைத்தால் மூன்று டன்னுக்கு மேல். வெல்டரிடம் "ஸ்ட்ராங்கா போடுங்கண்ணே" என்று சொன்னால் போதாது. இந்த எண்ணைச் சொல்லுங்கள். தளம் இரண்டு அடிக்கு மேல் உயரம் என்றால் ஒரு சிவில் இன்ஜினீயரிடம் காட்டிவிடுங்கள்.

தரையை ஒட்டிய தளம் என்றால், அதை வீட்டுச் சுவரில் போல்ட் போட்டு மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. தன் காலில் தானே நிற்கட்டும். சுவருக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு அங்குலம் விடுங்கள். ஈரம் சுவரில் ஏறாது. கரையான் மண் கோடு போட்டு ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும்.

கால் நிற்கும் இடத்தில் மண்ணைப் பாருங்கள். செம்மண் என்றால் இரண்டு அடி ஆழத்தில் கெட்டியான மண் கிடைத்துவிடும். வீடு கட்டியபோது கொட்டி நிரப்பிய மண் என்றால், அதைத் தாண்டித் தோண்ட வேண்டும். கரிசல் என்றால் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அங்கே ஆழத்தை இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும்.

நிழல் இல்லாத டெக், யாருக்கும் உதவாத டெக்

ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், திறந்த தளத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் யாரும் உட்கார மாட்டார்கள். கொல்லை வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, மத்தியானத்துக்கு மேல் வீட்டு நிழலே விழும். மேற்கே இருந்தால் சாயங்காலம்வரை வெயில் நேராக அடிக்கும்.

தகரக் கூரை போட்டால் சூடு கீழே இறங்கும், மழையில் பேச்சே கேட்காது. அதற்கு நல்ல மாற்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. சிறுமலை அடிவாரத்தில் திராட்சைப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். கல் கால் நட்டு, மேலே கம்பி கட்டி, கொடியைப் படர விட்டிருப்பார்கள். அந்தக் கல் கால் துருப்பிடிக்காது, கரையான் ஏறாது, ஆடிக் காற்றுக்கும் அசையாது. நாலு கல் கால் நட்டு, கம்பி இழுத்து, மல்லியோ பிச்சியோ கோவைக்கொடியோ ஏற்றிவிட்டால் அதுவே கூரை. வெயில் வடிகட்டி விழும், மழை கீழே இறங்கும்.

மரத்தடியில் போடுவதென்றால் எந்த மரம் என்று பாருங்கள். வேம்பும் புங்கையும் நல்ல நிழல். முருங்கைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கிளை சட்டென்று முறியும், கம்பளிப்பூச்சிக் காலத்தில் அந்தப் பக்கமே போக முடியாது. தென்னைக்குக் கீழே ஏன் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் மரத்தின் வேரை வெட்டாமல், அடிமரத்தைச் சுற்றித் தாராளமாக மண் விட்டுத் தளத்தை நிறுத்துங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட அளவு இடத்தைக் காலியாக விட வேண்டும். எவ்வளவு என்பது சாலை அகலம், கட்டட உயரத்தைப் பொறுத்து மாறும். உங்கள் வீட்டு அப்ரூவல் வரைபடத்திலேயே அது குறிக்கப்பட்டிருக்கும்.

தரையை ஒட்டி, கூரை இல்லாமல் கல்லோ பலகையோ பதிப்பது ஒன்று. அதே இடத்தில் தூண் எழுப்பி, கான்கிரீட்டோ ஷீட்டோ போட்டு மூடுவது வேறு. கூரை வந்தாலே அது கட்டடக் கணக்கில் வரலாம். காலியாக விட வேண்டிய இடத்தில் அப்படிச் செய்தால் விதிமீறல். நாளை வீட்டை விற்கும்போதோ, பேங்க் லோன் கேட்கும்போதோ அந்த ஷீட் கேள்வியாக வந்து நிற்கும்.

புது வீடே இனிமேல்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, 2024 ஜூலையில் இருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். தளத்தையும் பந்தலையும் அந்த வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். பழைய வீடு என்றால், கூரை போடும் எண்ணம் இருந்தால் மட்டும் வரைபடத்தோடு மாநகராட்சி அலுவலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒருமுறை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

எப்போ ஆரம்பிக்கலாம்?

நம் பக்கம் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தை பிறந்ததும் தோண்ட ஆரம்பித்தால், மண் காய்ந்திருக்கும், மரமும் ஈரம் குடிக்காது. அதோடு, ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்திருப்பீர்கள். மழையின்போது எடுத்த நாலு போட்டோ, எந்த டிசைனரும் தராத தகவலைத் தரும்.

அதற்கும் முன்னால் செலவில்லாத ஒரு ஒத்திகை. தளம் போட நினைக்கும் இடத்தில் கோலமாவில் எல்லை வரையுங்கள். உள்ளே ஒரு கயிற்றுக் கட்டிலும் இரண்டு நாற்காலியும் போடுங்கள். ஒரு வாரம் விடுங்கள். யார், எந்த நேரத்தில், எந்த மூலைக்கு நகர்த்தி உட்காருகிறார்கள் என்று பாருங்கள். யாருமே உட்காரவில்லை என்றால், அதுவும் ஒரு பதில்தான். பெரிய செலவு மிச்சம்.

எங்கள் வீட்டில் அந்த ஒத்திகையை நடத்திப் பார்த்தோம். அண்ணன் அனுப்பிய ரீலில் இருந்தது கொல்லை முழுக்க நிறைந்த தளம். அம்மா மூன்றாம் நாளே கட்டிலை வேம்புப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். சாயங்காலம் அங்கேதான் காற்று வருகிறதாம். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார். மிச்ச இடத்துக்கு யாரும் போகவே இல்லை.

கடைசியில் முடிவானது இவ்வளவுதான்: வேம்பை ஒட்டி எட்டுக்குப் பத்தடியில், இடுக்கு விட்டுப் பதித்த கருங்கல் தளம். நாலு கல் கால், மேலே பிச்சிக்கொடி. செப்டிக் மூடியும் போர்வெல்லும் எல்லைக்கு வெளியே. துவைக்கிற கல் இருக்கும் இடத்தில் இருக்கும். பாதி மண் மண்ணாகவே கிடக்கும். விளக்குச் சரம் மட்டும் அண்ணன் ஆர்டர் போட்டுவிட்டான்.

"வத்தல் காயப்போடவும் கல்லுதான் தோது" என்று அம்மா வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். தை மாதம் வேலை ஆரம்பம்.

வேலை தொடங்கும் முன் ஒரு நிமிட செக்லிஸ்ட்

* செப்டிக் மூடி, சம்ப், போர்வெல், மழைநீர்க் குழி, எர்த் பிட் எல்லாம் வரைபடத்தில் இருக்கிறதா?
* தளத்துக்கு அடியில் மழை மண்ணில் இறங்க வழி இருக்கிறதா?
* அடியில் ஒன்று முழுசாக அடைப்பு, இல்லை கூட்டுகிற உயரம். இரண்டில் ஒன்றா?
* படி ஆறு அங்குலத்துக்குள் இருக்கிறதா? பிடித்துக்கொள்ள பைப் இருக்கிறதா?
* சட்டத்தின் தடிமன், இடைவெளி, ஸ்க்ரூ எல்லாம் கொட்டேஷனில் எழுதியிருக்கிறதா?
* மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே நிழல் இருக்கிறதா?
* அந்த வீட்டில் தினமும் இருப்பவர்களைக் கேட்டீர்களா?